விளக்குக் காவலர் வழக்கு

பிப்ரவரி 9

நீதிபதி அம்மாவுக்கு,

உன் அலுவலக நம்பருக்குக் கூப்பிட்டால் ‘கப்பல் பணியாளர் பிரிவு, வணக்கம்’ என்கிறாய். நான்தான் என்று தெரிந்த பிறகும் அதே இஸ்திரி போட்ட குரல். பேச்சைப் பதிவு செய்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இனி கடிதம்தான்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். என் தம்பியின் கப்பலிலிருந்து கடைசித் தகவல் வந்து இன்றோடு ஏழு நாள். ‘கடல் கொந்தளிப்பு, வேகத்தைக் குறைக்கிறோம்’ என்றதோடு சரி. தேடுகிறார்களா? எத்தனை பேர்? அவனை அந்தக் கப்பலில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்த்துவிட்டது நீ. குற்றம் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பல் செட் பட்டறையில் என்னை லீவு எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். நேற்று முன்தினம் ஒரு பெரியவரின் பல் செட்டில் ஒரு முன்பல்லுக்கு மட்டும் வேறு நிறம் வைத்து அனுப்பிவிட்டேன். ‘ஒண்ணு மட்டும் மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கே, மத்ததெல்லாம் மாமனாரா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இன்னொரு சேதி. டி.வி.யில் ‘கோணல் கப்பல்’ தொடரை மறுபடி போடுகிறார்கள்! ஞாயிறு மாலை ஆறு மணி. இடது பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த அதே விண்கலம். லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன், எதைச் செய்வதற்கு முன்னும் மன்னிப்புக் கேட்கும் இயந்திர மனிதன், ஒரே மாவை முப்பது பெயர் சொல்லிப் பரிமாறும் சமையல்காரர். நேற்று கேப்டன் நகல் இயந்திரத்தில் தடுக்கி விழுந்து இரண்டு கேப்டன் ஆன கதை. எந்தக் கேப்டனைக் கலைப்பது? என் வாதம்: இருவரும் இருக்கட்டும், ஒருவர் பாத்திரம் கழுவட்டும்.

விதிகள் நாம் ஒன்றாக இருந்த விடுதியில் வைத்தபடியேதான். பார்த்து முடித்ததும் தாளில் எழுத வேண்டும். அடுத்த வாரத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். எழுதியதை மாற்றக் கூடாது. நான் யாராவது ஒருவருக்கு வக்கீல். நீ நீதிபதி.

தம்பி இருந்தால் இரண்டு கேப்டனையும் திட்டியிருப்பான். இருந்தால் என்று எழுதிவிட்டேன் பார். பக்கத்தில் இருந்தால் என்று படித்துக்கொள்.

வக்கீல்


பிப்ரவரி 13

வக்கீலே,

தேடுகிறார்கள். இரண்டு விமானம், மூன்று கப்பல். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைந்த படம் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒரு கட்டத்தைத் தேடி முடித்ததும் எங்கள் மேலாளர் வந்து பென்சிலால் குறுக்குக் கோடு போடுவார். இன்று வரை இருபத்தாறு கட்டம். பதினான்கு பேரின் குடும்பங்களுக்கும் நான்தான் பதில் சொல்கிறேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிலர் என் பிள்ளைகள் நலமா என்றும் கேட்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். குற்றம் சொல்லவில்லை என்ற வரியை அதைவிட அதிகத் தடவை.

தீர்ப்பு: அசல் எது என்று யாருக்கும் தெரியாதபோது, கலைக்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. பாத்திரம் இருவரும் கழுவ வேண்டும்.

சாப்பிடு. வேளைக்குச் சாப்பிடாத ஆள் நீ.

நீதிபதி


பிப்ரவரி 22, ஞாயிறு

நீதிபதி அம்மா,

வந்துவிட்டது! இப்போதுதான் முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

விளக்குக் காவலர் கதை. இருபத்துமூன்று வருடமாக நிலுவையில் கிடக்கும் வழக்கு. அப்போது முதல் பாதியோடு ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் நான்கு நாள் பேசாமல் இருந்தோம், ஒரே அறையில், ஒரே வாளியை வைத்துக்கொண்டு.

உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் வழக்கின் விவரம்: ஏதோ ஒரு நிலாவில் விண்கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கு. அதைக் காக்க ஒரே ஒரு ஆள். அவருடைய காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ரேடியோவில் அகப்படுவது கோணல் கப்பல் ஒன்றுதான். வலப்பக்கம் திரும்பத் தெரியாத கப்பல் அங்கே போய்ச் சேரப் பதினொரு மாதம் ஆகும். காற்று இருப்பதோ ஆறு வாரத்துக்கு. உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறார் கேப்டன். சமையல்காரர் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு, ‘பசிக்குதா? இதோ வந்துட்டே இருக்கோம், தட்டைக் கழுவி வைங்க!’ என்கிறார். தினமும் காலையில் ஒரு புதுப் பலகாரத்தின் பெயர் சொல்கிறார். கடைசியில் அந்தக் காவலர், ‘நிஜமாவே வர்றீங்களா?’ என்று கேட்க, சமையல்காரர் கரண்டியும் கையுமாக நிற்க, தொடரும்.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஏதோ விளையாட்டுப் போட்டியாம். இரண்டாம் பாதி மார்ச் 15. இருபத்துமூன்று வருடம் பொறுத்தவர்களுக்கு மூன்று வாரம் பொறுக்காதா என்று பார்த்தால், பொறுக்கவில்லை.

கட்டம் எத்தனை ஆயிற்று? எழுது.

வக்கீல்


பிப்ரவரி 25

வக்கீலே,

இந்தத் தாளுக்கு முன் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

தேடுதல் பற்றி எங்களுக்குச் சொல்ல அனுமதித்திருப்பது ஒரே வாக்கியம்: ‘தேடுதல் தொடர்கிறது.’ சுவரில் இருந்த படத்தை வெள்ளிக்கிழமை கழற்றி மேலாளர் தம் அறைக்குள் கொண்டுபோய்விட்டார். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

வழக்குக்கு வருகிறேன். அப்போது நான் கேப்டன் பக்கம் என்று எழுதினேன். இருபத்திரண்டு வயதில் எல்லாம் தெரிந்திருந்தது. இந்த முறை உன் வாதத்தை முழுதாகப் படிக்காமல் தீர்ப்பு எழுத மாட்டேன். விளையாட்டாக எழுதாதே. ஒரு தொடரைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அந்தக் காவலர் இடத்தில் நீ இருந்தால், உனக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

யோசித்து எழுது. நீ என்ன எழுதுகிறாயோ அதன்படி நான் நடப்பேன். நடப்பேன் என்றால், தீர்ப்பு எழுதுவேன்.

நீதிபதி


பிப்ரவரி 28

நீதிபதி அம்மா,

எனக்குத் தெரிய வேண்டாம்.

அந்தச் சமையல்காரர் கொடுப்பதைப் பொய் என்று உன் கேப்டன் சொல்லலாம். நான் அதைக் காலைநேரம் என்பேன். தினமும் எழுந்து தட்டைக் கழுவி வைக்க ஒரு காரணம். கப்பலைத் திருப்ப முடியாது, காற்றை அனுப்ப முடியாது, கையில் இருப்பது வாய் மட்டும்தான். அதையாவது கொடுக்கிறார். உண்மை தெரிந்தால் அந்த ஆள் என்ன செய்துவிடப் போகிறார்? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். அப்படி ஒருவரை உட்கார வைத்துவிட்டு, ‘நான் நேர்மையானவன்’ என்று கேப்டன் நிம்மதியாகத் தூங்குவார். யாருக்காகச் சொன்ன உண்மை அது?

என் முறை வந்தால் எனக்கு அந்தச் சமையல்காரரே பேசட்டும். கடைசி நாள் வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறோம் என்று சொல்லட்டும். இதுவே என் வாதம். கையெழுத்தும் போடுகிறேன், பார்த்துக்கொள்.

நேற்று இரண்டாம் இன்ஜினியரின் மனைவி வந்திருந்தாள். கையில் ஒரு மனு. ‘அக்கா, தேடுறதை நிறுத்திட்டாங்கன்னு துறைமுகத்துல பேசிக்கிறாங்க. கோர்ட்டுக்குப் போனா திரும்பத் தேடச் சொல்வாங்களாம். பதினாலு வீடும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுபடுமாம்’ என்றாள். ‘என் சிநேகிதி அந்த ஆபீஸ்லயே உட்கார்ந்திருக்கா. அவளுக்குத் தெரியாதது உங்க துறைமுகத்துக்குத் தெரிஞ்சிடுச்சா?’ என்று கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். உன் பதில் வரும்வரை பொறு என்று சொல்லி அனுப்பினேன்.

தேடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஒரு வரி எழுது. அவள் மூஞ்சியில் காட்ட வேண்டும்.

வக்கீல்


மார்ச் 3

வக்கீலே,

தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தெற்குப் பக்கம் புதிதாக ஒரு கப்பலும் சேர்ந்திருக்கிறது. போன வாரம் மேகமூட்டம், அதனால் விமானங்கள் தாமதம். இந்த வாரம் வானம் தெளிந்துவிட்டது. நாற்பத்தெட்டுக் கட்டம் முடிந்தது.

உன் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். தீர்ப்பு சமையல்காரர் பக்கம்.

நீதிபதி


மார்ச் 16

நீதிபதி அம்மா,

உன் கடிதம் வந்த அன்றே எல்லா வீட்டுக்கும் போன் போட்டேன். புதுக் கப்பல், தெளிந்த வானம், நாற்பத்தெட்டுக் கட்டம் எல்லாம் ஒப்பித்தேன். ஒரு மாலுமியின் அப்பா, ‘நீ நல்லா இருக்கணும்மா’ என்று அழுதுவிட்டார். மனுவை யாரும் இப்போது பேசுவதில்லை. இன்ஜினியர் மனைவி மட்டும், ‘சரிக்கா, நீங்க சொன்னா சரி’ என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டாள்.

தம்பியின் அறையைப் பெருக்கி, மின்விசிறியைத் துடைத்தேன். வந்தால், ‘இவ்வளவு தூசியிலயா என்னைத் தூங்க வைப்பே?’ என்பான்.

நேற்று இரண்டாம் பாதி பார்த்திருப்பாய். அந்தக் காவலரிடம் ஒரு சின்னப் படகு இருந்ததாமே, ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது? பக்கத்து நிலாவரை போகுமாம். காற்று பாதிக்குமேல் இருந்த முதல் இரண்டு வாரத்துக்குள் கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார். ‘நீங்கதான் வர்றீங்களே, நான் எதுக்குக் கிளம்பணும்?’ என்று ரேடியோவில் கேட்கிறார். அவர் இரண்டு தட்டைக் கழுவி மேசையில் வைத்திருப்பதைக் காட்டும்போது பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு போடுகிறார்கள். யாரடி அது, அங்கே சிரிக்கிறது?

தீர்ப்பை மாற்றக் கூடாது என்பது விதி. மாற்றவில்லை. ஆனால் நான் வாதாடியபோது படகு இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதையும் பதிவு செய்துகொள்.

உடனே பதில் போடு.

வக்கீல்


மார்ச் 27

உன்னை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு சரக்குக் கப்பல் எங்கள் கப்பலின் மிதவை ஒன்றைக் கண்டெடுத்தது. ரப்பர் மிதவை, மேலே கூரைத் துணி. உள்ளே யாரும் இல்லை. தலைமை அலுவலகம் இன்று எல்லோருக்கும் தந்தி வாசகம் போல இரண்டு வரி அனுப்பும். அதற்கு முன் நான் எழுத வேண்டும்.

கூரைத் துணியின் உட்புறம் பென்சிலால் ஒரு பட்டியல் இருந்தது. தண்ணீர் இறைக்கும் முறைப் பட்டியல். தேதி, யார் எந்த வேளை என்று. கையெழுத்து உன் தம்பியுடையது. அவனுடைய விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், எனக்குத் தெரியும். முதலில் நான்கு பேர். ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். மார்ச் 6 முதல் ஒரே பெயர். காலை அவன், மதியம் அவன், மாலை அவன். தனியாக இருந்தும் மூன்று வேளையும் தன் பெயரை எழுதியிருக்கிறான். மார்ச் 12க்குப் பிறகு எழுத்து இல்லை. பட்டியலின் நகலை உனக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

தேடுதலைப் பிப்ரவரி 20ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். படத்தைக் கழற்றிய வெள்ளிக்கிழமை. ‘அம்மா, நாம பொய் சொல்லலை. முடிஞ்சதுன்னு மேலிடத்திலிருந்து தாள் வரலை. தாள் வர்ற வரைக்கும் தொடருதுன்னுதானே அர்த்தம்?’ என்றார் மேலாளர். அன்றைக்கு மிதவை எங்கே இருந்திருக்கும் என்று இப்போது கணித்திருக்கிறார்கள். கடைசியாகக் கோடு போட்ட கட்டத்திலிருந்து இரண்டு கட்டம் தள்ளி.

புதுக் கப்பல் எதுவும் சேரவில்லை. நாற்பத்தெட்டு என்பது நானாக எழுதிய எண்.

உன்னிடம் கேட்டேன், நீ வேண்டாம் என்றாய், அதன்படி நடந்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல முடியாது என்பதும் தெரிகிறது.


ஏப்ரல் 4

பட்டியல் கிடைத்தது.

பொய் சொன்னாய் என்று உன்னிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. நீ எனக்கு ஒரு பொய் சொன்னாய். நான் அதைப் பதின்மூன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், கூடவே தெளிந்த வானத்தையும். நீ அலுவலகத்துக்குப் பயந்தாய். நான் எதற்குப் பயந்து அந்த மனுவைத் திருப்பி அனுப்பினேன்?

விசாரணை வைக்கிறார்கள் என்று தாள் வந்திருக்கிறது. ‘திரும்பத் தேடும்படி எந்தக் குடும்பமும் கேட்கவில்லை’ என்பது உங்கள் கம்பெனியின் பதிலாம். கேட்காததற்குக் காரணம் உன் மார்ச் 3 கடிதம். நீ எழுதியதெல்லாம் இனி எனக்கு வேண்டாம், கட்டாக இத்துடன் வைத்திருக்கிறேன்; அந்த ஒன்றை மட்டும் கொடு. நீ போய், இது என் கையெழுத்து, இதில் இருப்பது பொய், எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல வேண்டும். வேலை போகும். போகட்டும்.

இதைச் செய்தால் உன்னை மன்னிப்பேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பதினான்கு வீட்டுக்காரர்களும் கேட்காமல் இருந்துவிட்டார்கள் என்று எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.


மே 19

சொன்னேன். இது என் கையெழுத்து, இதில் இருப்பது பொய், எனக்கு அப்போதே தெரியும். மூன்று வாக்கியத்தையும் நீ எழுதிய வரிசையிலேயே சொன்னேன். வேலை அன்று மாலையே போயிற்று.

அதன் பிறகு நான் செய்ததை எழுத வேண்டும். நீ கேட்டது ஒரு கடிதம். நான் உன் கடிதங்களையும் சேர்த்துக் கட்டு முழுவதையும் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கொடுத்தால் மீதியை மறைத்ததாக ஆகும் என்று நினைத்தேன். எதையும் மறைக்காமல் இருந்தால் இந்த ஒரு தடவையாவது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

கம்பெனியின் வக்கீல் உன் பிப்ரவரி 28 கடிதத்தை எடுத்தார். நிதானமாக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ‘எனக்குத் தெரிய வேண்டாம்.’ ‘கடைசி நாள் வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறோம் என்று சொல்லட்டும்.’ ‘கையெழுத்தும் போடுகிறேன்.’ நான் எழுந்து, அது ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதியது என்றேன். ‘எந்தத் தொடர்?’ என்றார். சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ‘அம்மா, உங்க பிப்ரவரி 25 கடிதத்துல ஒரு தொடரைப் பற்றிக் கேட்கிறேன்னு நினைக்காதேன்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க’ என்றார்.

அறிக்கையில் மூன்று பத்தி. ஊழியர் ஒருவர் தம் பொறுப்பில் தவறான தகவல் தந்தார். குடும்பத்தார் சார்பில் பேசியவர் உண்மை நிலையை அறிய விரும்பவில்லை என்று எழுத்தில் தெரிவித்திருந்தார். மறுதேடல் கோரி மனு எதுவும் வரவில்லை. அத்துடன் விசாரணை முடிந்தது.

மேல்முறையீடு உண்டா என்று கேட்டேன். இல்லையாம். கடிதங்களைத் திருப்பித் தர மாட்டார்களாம். கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.


மே 30

அறிக்கை எனக்கும் வந்தது.

நேற்று மதியம் இன்ஜினியர் மனைவி பட்டறைக்கு வந்தாள். நான் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ‘அக்கா, அந்த வக்கீல் படிச்சது நீங்க நிஜமாவே எழுதினதா?’ என்றாள்.

‘ஆமா.’

‘தெரிய வேண்டாம்னா?’

‘ஆமா.’

டி.வி.யில் வரும் ஒருவரைப் பற்றி எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லும் விஷயம் இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது என்று நீ எழுதினாயே, அந்த வரியில் அன்றே என் கண் நின்றுவிட்டது. உன் கேள்வி எதைப் பற்றி என்று எனக்குப் புரிந்தது. அரை நிமிடம் புரிந்தது. பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு தொடரைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று வைத்துக்கொண்டு, சமையல்காரருக்காக ஒரு பக்கம் எழுதினேன். கம்பெனி வக்கீல் என் கடிதத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். எனக்குத் தெரிய வேண்டாம் என்று எனக்காகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது. மற்ற பதின்மூன்று வீட்டுக்காக யார் கொடுத்தார்கள்?

இதை அவளிடமும் சொன்னேன். அவள் திட்டவில்லை. ‘ஒரு பட்டியல் இருக்காமே. அதுல எங்க வீட்டுக்காரர் பேரு எந்தத் தேதி வரைக்கும் இருக்கு?’ என்றாள்.

கைப்பையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ‘மார்ச் அஞ்சு’ என்றேன்.

‘நான் உங்க வீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தது என்னிக்கு?’

‘பிப்ரவரி இருபத்தேழு.’

அவள் உலர வைத்திருந்த பல் செட்டுகளைப் பார்த்தாள். பிறகு வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனாள்.

இனி எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.